எருக்குவியலின் அளவும் தெருவின் அளவும்

இந்திய நகரங்களில் வீடுகளிலிருந்து நாள்தோறும் வெளியேறும் குப்பையில் ஏறத்தாழப் பாதி, காய்கறித் தோல், பழச்சக்கை, மிஞ்சிய சோறு, தேயிலைச் சக்கை, வாடிய பூ, முட்டை ஓடு போன்ற மக்கும் பொருள்களால் ஆனது. இவற்றின் எடையில் 70 முதல் 80 விழுக்காடு நீராக இருப்பதால், நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எரிபொருளைச் செலவழித்து ஓடும் குப்பை லாரிகள் சுமப்பதில் கணிசமான பங்கு வெறும் தண்ணீரே ஆகும். அந்தத் தண்ணீரோடு சேர்ந்து செல்லும் கார்பனும் நைட்ரஜனும் பாஸ்பரசும், எந்த மண்ணிலிருந்து தானியமாகவும் காய்கனியாகவும் எடுக்கப்பட்டனவோ அந்த மண்ணுக்குத் திரும்பாமல், நகர எல்லையில் உள்ள கிடங்கொன்றில் பிளாஸ்டிக்கோடும் கண்ணாடியோடும் கலந்து தேங்கிவிடுகின்றன. சில நூறு வீடுகளின் மக்கும் குப்பையை, அவ்வீடுகளிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே, காற்றோட்டமான முறையில் எருவாக மாற்றும் ஏற்பாடு சமூக உரமாக்கல் எனப்படுகிறது. இந்த ஏற்பாடு நிலைப்பதும் குலைவதும் பெரும்பாலும் இரண்டு அளவுகளைப் பொறுத்தவை: ஒன்று குவியலின் அளவு, மற்றொன்று அக்குவியலுக்குக் குப்பை தரும் மக்கள் தொகுதியின் அளவு. முதலாவதை இயற்பியலும் நுண்ணுயிரியலும் வரையறுக்கின்றன. இரண்டாவதை மனிதர்களின் பழக்கவழக்கம் வரையறுக்கிறது.

கிடங்கில் நிகழ்வது என்ன?

மக்கும் பொருள் எங்கே கொட்டப்பட்டாலும் அதை நுண்ணுயிர்கள் சிதைத்தே தீரும். அந்தச் சிதைவு காற்றுள்ள சூழலில் நிகழ்கிறதா, காற்றில்லாச் சூழலில் நிகழ்கிறதா என்பதே அதன் விளைவைத் தீர்மானிக்கிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போது நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றி, அவ்வினையில் வெளிப்படும் ஆற்றலின் ஒரு பகுதியைத் தம் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டு, எஞ்சியதை வெப்பமாக வெளியிடுகின்றன. பல மீட்டர் உயரத்துக்குக் குவிந்து அழுந்திய கிடங்கின் உட்புறத்தில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோவதால், அங்கே காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, மீத்தேன் வாயுவை வெளியேற்றுகின்றன. நூறாண்டுக் கால அளவில் கணக்கிட்டால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு புவி வெப்பமாக்கும் திறன் உடையது. மேலும், குப்பையின் ஈரமும் மழைநீரும் சேர்ந்து அடுக்குகளினூடே கசிந்து, கரிம அமிலங்களையும் அம்மோனியாவையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு வெளியேறும் கரிய நீர், அதாவது கசிவுநீர், நிலத்தடி நீரையும் அருகிலுள்ள நீர்நிலைகளையும் கெடுக்கிறது.

சென்னையின் இரு பெரும் கிடங்குகளான கொடுங்கையூரும் பெருங்குடியும் இந்த விளைவுகளைப் பல ஆண்டுகளாகக் காட்டி வந்திருக்கின்றன. அவற்றுள் பெருங்குடிக் கிடங்கு, 2022ஆம் ஆண்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி அமைந்தது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் அக்கிடங்கில் பற்றிய தீ பல நாள்கள் புகைந்து, சுற்றியுள்ள குடியிருப்புகளைப் புகையில் மூழ்கடித்தது. மக்கும் குப்பை கிடங்கைச் சென்றடையாவிட்டால் மீத்தேனும் கசிவுநீரும் பெருமளவு குறைந்துவிடும் என்பதும், எஞ்சும் உலர்குப்பை ஈரம்படாமல் இருப்பதால் மறுசுழற்சிக்கு எளிதில் பிரித்தெடுக்கப்படும் என்பதும் உரமாக்கலுக்கு ஆதரவான முதன்மையான காரணங்கள்.

குவியலுக்குள் நிகழும் மாற்றங்கள்

நல்ல முறையில் அடுக்கப்பட்ட எருக்குவியல் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதற்கட்டத்தில், 20 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் செழிக்கும் மிதவெப்ப நுண்ணுயிர்கள் சர்க்கரை, மாவுப்பொருள், எளிய புரதம் ஆகியவற்றை உண்டு மிக விரைவாகப் பெருகுகின்றன. அவற்றின் சுவாசத்தால் வெளிப்படும் வெப்பம் ஓரிரு நாள்களிலேயே குவியலை 45 டிகிரிக்கு மேல் உயர்த்த, அந்த வெப்பத்தைத் தாங்க முடியாமல் அவையே மடிந்து, இரண்டாம் கட்டத்திற்கு வழிவிடுகின்றன. இந்தக் கட்டத்தில் பேசில்லஸ் இனத்தைச் சேர்ந்தவை உள்ளிட்ட உயர்வெப்ப பாக்டீரியாக்கள் 55 முதல் 70 டிகிரி வரையிலான வெப்பத்தில் இயங்கி, கொழுப்பையும் செல்லுலோசையும் சிதைக்கின்றன. நோய்க்கிருமிகள், ஈக்களின் புழுக்கள், களை விதைகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை அழிவதும் இப்போதுதான். கழிவுநீர்ச் சகதியை உரமாக்குவதற்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த விதி, மூடிய கலத்திலோ காற்றூட்டப்படும் அசையாக் குவியலிலோ வெப்பநிலை தொடர்ந்து 3 நாள்களுக்கு 55 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று கோருவது இதன் அடிப்படையிலேயே ஆகும்.

எளிதில் சிதையும் உணவு தீர்ந்ததும் வெப்பம் படிப்படியாகத் தணிய, மூன்றாம் கட்டமான முதிர்ச்சிக் கட்டம் தொடங்குகிறது. மரத்தன்மைக்குக் காரணமான லிக்னின் என்னும் கடினமான சேர்மத்தைச் சிதைக்கவல்ல பூஞ்சைகளும், இழை வடிவில் வளரும் ஆக்டினோபாக்டீரியாக்களும் இப்போது ஆதிக்கம் பெறுகின்றன. முதல் மழையில் நனைந்த மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் வேதிப்பொருளை இந்த ஆக்டினோபாக்டீரியாக்களே உற்பத்தி செய்வதால், முதிர்ந்த எருவிலும் மண்வாசனை வீசுகிறது. சிதைவை எதிர்த்து நிற்கும் எச்சங்களும் நுண்ணுயிர்களின் உடற்பொருள்களும் சேர்ந்து உருவாகும் கருநிறப் பொருள் மட்கு எனப்படுகிறது. நீரையும் ஊட்டச்சத்துகளையும் பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்குச் சிறிது சிறிதாக வழங்குவது இதன் சிறப்பு.

ஏன் சிறு தொட்டி சூடேறுவதில்லை?

குவியலில் வெப்பம் உண்டாவது அதன் கன அளவைப் பொறுத்தது. வெப்பம் வெளியேறுவது அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. ஓரடிப் பக்கம் கொண்ட கனசதுரத்தில் ஒரு கன அடிப் பொருளுக்கு 6 சதுர அடி மேற்பரப்பு உள்ளது. நான்கடிப் பக்கம் கொண்ட கனசதுரத்திலோ ஒரு கன அடிக்கு 1.5 சதுர அடி மேற்பரப்பே உள்ளது. ஆகவே, சிறிய குவியல் தான் உண்டாக்கும் வெப்பத்தை உடனுக்குடன் இழந்துவிட, பெரிய குவியல் அதைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. பால்கனியில் வைக்கப்படும் மண்தொட்டியில் காய்கறிக் கழிவு மக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பெரும்பாலும் மிதவெப்பத்திலேயே நின்றுவிடுவதால், மிஞ்சிய மீனையும் சோற்றையும் அதில் நம்பிக்கையோடு போட இயலுவதில்லை. உயர்வெப்பக் கட்டத்தை உறுதியாக எட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் பொருளாவது ஒன்றுசேர வேண்டும் என்பது உரமாக்கலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட நடைமுறை அளவுகோல்.

எனினும், குவியலைப் பெரிதாக்கிக்கொண்டே போவதிலும் தடை உண்டு. உயரம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டரைத் தாண்டும்போது, ஈரமான பொருள் தன் எடையாலேயே அழுந்தி, துகள்களுக்கு இடையிலான காற்றிடைவெளிகள் அடைபட்டு, நடுப்பகுதி காற்றில்லாச் சூழலாக மாறிவிடுகிறது. அதன்பின் இயந்திரத்தால் புரட்டுவதோ குழாய் வழியே காற்றைச் செலுத்துவதோ தவிர வேறு வழியில்லை. ஆக, மின்சாரமும் இயந்திரமும் இல்லாமல் தானாகச் சூடேறித் தானாகச் சுவாசிக்கும் குவியலுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரையிலான பக்க அளவே உகந்தது. ஒரு வீட்டின் கழிவு இந்த அளவை எட்ட மாதக்கணக்கில் ஆகும். ஒரு மாநகரத்தின் கழிவு ஒரே மணி நேரத்தில் இதை மிஞ்சிவிடும். சில நூறு வீடுகளின் கழிவு ஒரு வாரத்தில் இதை நிரப்பும். குடியிருப்பு என்னும் அலகு உரமாக்கலுக்குப் பொருந்துவது இந்தக் கணக்கினால்தான்.

கார்பனும் நைட்ரஜனும் சேரும் விகிதம்

நுண்ணுயிர்களுக்குக் கார்பன் ஆற்றலையும், நைட்ரஜன் புரதத்தையும் தருகிறது. அவற்றின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்துப் பங்கு கார்பன் இருப்பதாலும், உண்ணும் கார்பனில் மூன்றில் இரண்டு பங்கைச் சுவாசத்திலேயே அவை செலவிட்டுவிடுவதாலும், அவற்றின் உணவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருப்பது சிறந்தது. இந்த ஒப்பீடே கார்பன்–நைட்ரஜன் விகிதம் எனப்படுகிறது. சமையலறைக் கழிவில் இவ்விகிதம் 12 முதல் 20 வரையே உள்ளது. காய்ந்த இலைகளில் 40 முதல் 80 வரையிலும், மரத்தூளில் 200க்கு மேலும் உள்ளது. சமையலறைக் கழிவை மட்டும் குவித்தால், உபரி நைட்ரஜன் அம்மோனியாவாக ஆவியாகி மூக்கைத் துளைக்கும். சருகை மட்டும் குவித்தால், நைட்ரஜன் பற்றாக்குறையால் அது பல மாதங்களுக்குச் சருகாகவே கிடக்கும்.

இரண்டையும் எந்த அளவில் சேர்க்க வேண்டும் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். நூறு கிலோ சமையலறைக் கழிவில் 80 விழுக்காடு நீர் எனக் கொண்டால், உலர்பொருள் 20 கிலோ. அதில் கார்பன் 45 விழுக்காடு என்றால் 9 கிலோ. விகிதம் 15 என்றால் நைட்ரஜன் 0.6 கிலோ. இதனுடன் 10 விழுக்காடு ஈரமுள்ள சருகு 30 கிலோ சேர்க்கப்பட்டால், அதன் 27 கிலோ உலர்பொருளிலிருந்து ஏறத்தாழ 12 கிலோ கார்பனும், விகிதம் 60 என்ற கணக்கில் 0.2 கிலோ நைட்ரஜனும் கிடைக்கின்றன. மொத்தக் கலவையில் 21 கிலோ கார்பனும் 0.8 கிலோ நைட்ரஜனும் சேர்ந்து விகிதம் ஏறத்தாழ 26 ஆகிறது. ஈரப்பதமும் 80இலிருந்து 64 விழுக்காடாக இறங்குகிறது. உரமாக்கலுக்கு உகந்த ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு வரை என்பதால், எஞ்சியுள்ள சிறு உபரியைக் குவியலின் வெப்பமே ஓரிரு நாள்களில் ஆவியாக்கிவிடும். மூன்று கூடைக் கழிவுக்கு ஒரு கூடைச் சருகு என்ற கணக்கு எடைக்கே பொருந்தும். சருகு மிக இலேசானது என்பதால், கன அளவில் பார்த்தால் அது கழிவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ தோன்றும். இதனாலேயே சருகைச் சேமித்து வைப்பதற்கான இடம் உரக்கூடத்தின் இன்றியமையாத பகுதியாகிறது. பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் கூட்டப்படும் சருகை எரிக்காமல் மூட்டைகளில் கட்டி வைக்கும் பழக்கம், கோடைக்குப் பின் வரும் மழை மாதங்களில் பெரிதும் கைகொடுக்கும்.

குவியலின் நிலையை அறியக் கருவிகள் கட்டாயம் தேவை என்பதில்லை. அம்மோனியா நெடி வீசினால் சருகு போதவில்லை. அழுகிய முட்டையின் நாற்றம் வீசினால், காற்றில்லாச் சூழலில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது, ஆகவே குவியலைக் கிளறிவிட வேண்டும். புளித்த வாடை வீசினால், ஈரம் மிகுந்து கரிம அமிலங்கள் சேர்ந்திருக்கின்றன. கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளிகள் மட்டும் கசிவதே சரியான ஈரத்தின் அடையாளம். கூர்முனை கொண்ட நீண்ட கம்பியைக் குவியலின் நடுவில் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவினால், அதைத் தொட இயலாத அளவு சூடு இருப்பது உயர்வெப்பக் கட்டம் நடைபெறுவதைக் காட்டும்.

இந்தியாவில் உரமாக்கலின் வரலாறு

தொழுவத்துச் சாணத்தையும் வைக்கோலையும் சாம்பலையும் எருக்குழியில் மக்க வைப்பது தமிழகம் உள்ளிட்ட வேளாண் பகுதிகளில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். இதை அறிவியல் முறையில் ஒழுங்குபடுத்தியவர்களுள் முக்கியமானவர், 1924 முதல் 1931 வரை இந்தூரின் பயிராய்வு நிலையத்தை நடத்திய ஆல்பர்ட் ஹோவார்ட். தாவரக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக அமைத்துக் காலமறிந்து புரட்டும் முறையை யஷ்வந்த் வாட் என்பாருடன் இணைந்து 1931இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா, நகரக் கழிவைக் குழிகளில் நிரப்பி மூடி, புரட்டாமலேயே மக்கவைக்கும் முறையை 1939இல் உருவாக்கினார். இது பெங்களூர் முறை எனப்படுகிறது. கூலியாள் குறைவாகத் தேவைப்பட்ட இம்முறையில் காற்று குறைவதால் மக்குவதற்கு நெடுங்காலம் ஆனது.

1970களில் இந்தியப் பெருநகரங்கள் சிலவற்றில் நிறுவப்பட்ட இயந்திர உர ஆலைகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. தரம் பிரிக்கப்படாத குப்பையில் கண்ணாடித்தூளும் பிளாஸ்டிக்கும் மணலும் கலந்து வந்ததால் இயந்திரங்கள் பழுதாயின, உரத்தை வாங்க உழவர்கள் முன்வரவில்லை, பெரும்பாலான ஆலைகள் காலப்போக்கில் நின்றுபோயின. குப்பையை அதன் பிறப்பிடத்திலேயே பிரிக்காமல் உரமாக்க முடியாது என்ற இந்தப் பாடம் சட்டமாவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வெளியாயின. அவற்றின் இடத்தில் 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஈரக்குப்பை, உலர்குப்பை, வீட்டு அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தருவதை ஒவ்வொரு வீட்டின் கடமையாக்கியதோடு, 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்களும் நிறுவனங்களும் தம் மக்கும் குப்பையை இயன்ற வரை வளாகத்திற்குள்ளேயே உரமாகவோ உயிரி எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் எனவும் பணித்தன. தமிழகத்தின் மாநகராட்சிகள் பலவற்றில் வட்டங்கள்தோறும் அமைக்கப்பட்ட நுண் உரக்கூடங்கள், ஒரே பெரிய கிடங்கை நம்பியிருந்த பழைய முறையிலிருந்து விலகிய பரவலாக்கத்தின் வெளிப்பாடுகள்.

ஆலப்புழை காட்டிய வழி

பரவலாக்கப்பட்ட உரமாக்கல் ஒரு நகரம் முழுவதற்கும் கைகூடும் என்பதற்கு அண்டை மாநிலமான கேரளத்தின் ஆலப்புழை தெளிவான சான்று. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.74 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரின் குப்பை, அருகிலுள்ள சர்வோதயபுரம் என்னும் ஊரில் கொட்டப்பட்டு வந்தது. நாற்றத்தாலும் நீர் மாசாலும் பாதிக்கப்பட்ட அவ்வூர் மக்கள் 2012இல் குப்பை லாரிகளை உள்ளே விடாமல் தடுத்துவிட, கொட்டுவதற்கு இடமின்றித் தெருக்களில் குப்பை தேங்கியது. இந்த நெருக்கடியில் நகராட்சி, அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான தாமஸ் ஐசக்கின் முனைப்போடு, தூய வீடு தூய நகரம் என்னும் பொருள்படும் நிர்மல பவனம் நிர்மல நகரம் திட்டத்தைத் தொடங்கியது. இடவசதியுள்ள வீடுகளுக்கு உயிரி எரிவாயுக் கலன்களும் குழாய் உரமாக்கிகளும் மானியத்தில் வழங்கப்பட்டன. இடமில்லாதவர்களுக்காகத் தெருக்களில் பொது உரக்கூடங்கள் அமைக்கப்பட்டன.

இந்த உரக்கூடங்களில் பயன்பட்டது, கேரளக் கால்நடை மற்றும் விலங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழிப் பண்ணையில் உருவான முறை. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம் கொண்ட பெட்டியின் சுவர்கள், இடையிடையே இடைவெளி விட்ட பலகைகளால் ஆனவை. அடியில் சாணம், அதன்மேல் சருகு, அதன்மேல் சமையலறைக் கழிவு என அடுக்குகள் மாறி மாறி இடப்படுகின்றன. சாணம் நுண்ணுயிர்களையும், சருகு கார்பனையும் காற்றிடைவெளியையும், கழிவு நைட்ரஜனையும் ஈரத்தையும் தருகின்றன. நடுப்பகுதி 70 டிகிரி அளவுக்குச் சூடேறும்போது, அங்குள்ள சூடான காற்று மேலே எழ, குளிர்ந்த காற்று சுவரின் இடைவெளிகள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. புகைபோக்கியில் நிகழும் இதே இயக்கம் இங்கே கூலியில்லாத காற்றூட்டியாகச் செயல்படுவதால், குவியலைப் புரட்டும் வேலை மிச்சமாகிறது. ஒரு பெட்டி ஏறத்தாழ 2 டன் கழிவை ஏற்று, 90 நாள்களில் எருவாக்கித் தருகிறது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2017இல் ஒசாகா, லுப்லியானா, பினாங்கு, கஹிகா ஆகிய நகரங்களோடு ஆலப்புழையையும் கழிவு மேலாண்மையில் எடுத்துக்காட்டான ஐந்து நகரங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது.

ஒரு குடியிருப்பின் கணக்கு

மேற்கண்ட முறையை 300 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புக்குப் பொருத்திப் பார்க்கலாம். வீட்டுக்கு நால்வர் என்றால் 1,200 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 கிராம் மக்கும் குப்பை எனக் கொண்டால் மொத்தம் 240 கிலோ. இந்த அளவில் ஒரு பெட்டி நிரம்ப ஏறத்தாழ 8 நாள்கள் ஆகும். நிரம்பிய பெட்டி எருவாவதற்கு 90 நாள்கள் ஆவதால், சுழற்சி தடைபடாமல் நடக்க 12 அல்லது 13 பெட்டிகள் வேண்டும். ஒரு பெட்டி பிடிக்கும் தரைப்பரப்பு 16 சதுர அடி; நடைபாதையும் சருகுக் கிடங்கும் சலிக்கும் இடமும் சேர்த்தாலும் 600 சதுர அடிக்குள் அடங்கிவிடும். அது ஓர் எளிய வீட்டின் பரப்பே ஆகும். ஒரு சிறு பூங்காவின் மூலையில் இதற்கு இடம் காண்பது கடினமன்று. உள்ளே செல்லும் கழிவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை எருவாகக் கிடைப்பதால், நாளொன்றுக்கு 50 முதல் 60 கிலோ எரு உருவாகும். எஞ்சிய எடை நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் காற்றில் கலந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுச் சமையலறையின் இயல்பு இந்தக் கணக்கில் சில திருத்தங்களைக் கோருகிறது. குழம்பும் ரசமும் மோரும் கலந்த மிச்ச உணவு ஈரத்தைக் கூட்டுவதோடு, உப்பையும் எண்ணெயையும் சேர்க்கிறது. எண்ணெய் துகள்களின்மேல் படலமாகப் படிந்து காற்றைத் தடுக்கிறது. உப்போ சிதையாமல் அப்படியே எருவில் தங்கிவிடுகிறது. ஆகவே சாப்பாட்டு மிச்சத்தை வடிகட்டி, காய்கறிக் கழிவோடும் கூடுதல் சருகோடும் கலந்தே இட வேண்டும். மீன் செதிலும் இறைச்சி எலும்பும் ஈயையும் எலியையும் நாயையும் ஈர்க்கும் என்பதால், அவற்றைக் குவியலின் நடுவில் புதைத்து மேலே சாணத்தாலும் சருகாலும் மூட வேண்டும். லிக்னின் மிகுந்த கொட்டாங்குச்சியும் மாங்கொட்டையும் மூன்று மாதங்களில் மக்குவதில்லை. அவற்றைத் தனியே பிரிப்பதே நல்லது. இளநீர்க் கூடும் தேங்காய் மட்டையும் துண்டாக்கப்பட்டால் மட்டுமே பயன்படும். ஆனால் அவற்றிலிருந்து கிடைக்கும் நார்க்கழிவு, சருகு கிடைக்காத நாள்களில் ஈரத்தை உறிஞ்சும் நல்ல மாற்றுப்பொருள். வாழையிலையும் கோயில் பூமாலைகளும் எளிதில் மக்குபவை, மாலையின் நூலும் சரிகையும் பிளாஸ்டிக் இழையும் முன்னதாக அகற்றப்பட்டால்.

தரம், உழைப்பு, பாதுகாப்பு

எருவின் தரத்தைக் கெடுக்கும் பொருள்களுள் கண்ணுக்குத் தெரிபவை பிளாஸ்டிக் உறைகளும் கண்ணாடித் துண்டுகளும். தெரியாதவை பேட்டரி, சாயம், மின்பொருள் போன்றவற்றிலிருந்து கசியும் கன உலோகங்கள். நகரக் குப்பை எருவுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்துள்ள தரத்தின்படி, ஒரு கிலோ எருவில் ஈயம் 100 மில்லிகிராமுக்கும் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மிகாமல் இருக்க வேண்டும். கார்பன்–நைட்ரஜன் விகிதம் 20க்குக் கீழ் இருக்க வேண்டும். நுண்ணுயிர்களால் உலோகத்தைச் சிதைக்க இயலாது என்பதோடு, கரிமப் பொருளின் எடை குறையக் குறைய உலோகத்தின் செறிவு கூடவும் செய்கிறது. ஆகையால் தரம் என்பது உரக்கூடத்தில் உருவாவதன்று, வீட்டுக் குப்பைக்கூடையில் உருவாவது.

மக்கள் தொகுதியின் அளவு முக்கியமாவது இந்த இடத்தில்தான். இலட்சக்கணக்கான வீடுகளின் குப்பை சேரும் ஆலையில், ஒரு டப்பா பேட்டரியைப் போட்டவர் யார் என்பதை எவரும் அறிய முடியாது. ஆகவே தவறைத் திருத்தவும் முடியாது. முந்நூறு வீடுகளுக்கான கூடத்தில், எந்தத் தெருவிலிருந்து கலப்புக் குப்பை வருகிறது என்பதை அதைக் கொண்டுவரும் தூய்மைப் பணியாளரே அறிவார். மறுநாள் காலையிலேயே அந்த வீட்டாருக்கு எடுத்துச் சொல்லவும், தேவையெனில் கலப்புக் குப்பையை ஏற்க மறுக்கவும் அவரால் இயலும். தவறுக்கும் திருத்தத்திற்கும் இடையிலான தொலைவு குறைவதே பழக்கம் நிலைபெறுவதற்கு அடிப்படை.

அந்தப் பணியாளரின் உடல்நலமும் இந்த ஏற்பாட்டின் பகுதி. சூடான, உலர்ந்த எருவைக் கிளறும்போது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் காற்றில் பரவி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் நுரையீரல் தொல்லை தரக்கூடும். சலிக்கும் முன் எருவில் சிறிது நீர் தெளிப்பதும், முகக்கவசமும் கையுறையும் காலணியும் அணிவதும் இதைப் பெருமளவு தடுக்கும். கூரையில்லாத உரக்கூடம் வடகிழக்குப் பருவமழையில் சில நாள்களிலேயே கசிவுநீர்க் குட்டையாகிவிடும் என்பதால், கூரையும் சற்று உயர்த்திய தரையும் கசிவைச் சேகரிக்கும் வடிகாலும் தொடக்கத்திலேயே அமைய வேண்டும். பல உரக்கூடங்கள் அறிவியல் காரணங்களைவிட, கூரையும் சருகும் ஊதியமும் முறையாகக் கிடைக்காததாலேயே முடங்கிப்போகின்றன.

எரு முதிர்ந்துவிட்டதா என்பதை எளிதில் சோதிக்கலாம். கிளறி ஈரமாக்கிய பின்னும் வெப்பம் மீண்டும் ஏறாமல் இருப்பதும், அம்மோனியா வாடை அற்று மண்வாசனை வீசுவதும் முதல் அடையாளங்கள். எருவில் ஊன்றிய வெந்தயமும் கீரை விதையும் மண்ணில் ஊன்றியவற்றைப் போலவே முளைத்தால், பயிருக்குக் கேடு தரும் கரிம அமிலங்கள் நீங்கிவிட்டன எனலாம். முதிராத எருவை நிலத்திலிட்டால், மீதமுள்ள கார்பனைச் சிதைப்பதற்காக நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனையே எடுத்துக்கொள்வதால் பயிர் வெளிறிப்போகும். இது நைட்ரஜன் முடக்கம் எனப்படுகிறது. முதிர்ந்த எருவில்கூட நைட்ரஜன் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடு வரையே இருப்பதால், அதை யூரியாவுக்கு நிகரான உரமாக மதிப்பிடுவது பொருத்தமன்று. மண்ணின் அமைப்பையும் நீர்ப்பிடிப்பையும் உயிர்ப்பையும் மேம்படுத்தும் பொருளாக மதிப்பிடுவதே முறை.

உரமாக்கல் எல்லாக் கழிவுக்கும் தீர்வாகாது. ஓட்டல்களின் நீர் மிகுந்த உணவு மிச்சத்திற்கு உயிரி எரிவாயுக் கலன் ஏற்றது. காய்கறிச் சந்தையின் பெருந்திரளுக்குத் தனி ஆலை தேவைப்படலாம். சூடு தணிந்த எருவை மேலும் நயமாக்க மண்புழுக்களைப் பயன்படுத்தலாம், ஆனால் உயர்வெப்பக் கட்டத்தில் அவை உயிர்வாழா. வீடுகளின் அன்றாட மக்கும் குப்பைக்கோ, குடியிருப்பளவிலான காற்றோட்டப் பெட்டியே இயற்பியலுக்கும் செலவுக்கும் சமூகப் பொறுப்புக்கும் ஒருங்கே பொருந்தும் வழியாகத் தெரிகிறது. புதிய லாரிகள் வாங்கவும் கிடங்குகளை அகழ்ந்து தூய்மைப்படுத்தவும் பெருந்தொகை ஒதுக்கும் நகராட்சிகள், அதற்கு முன்பாகவே முந்நூறு வீடுகள் கொண்ட ஒவ்வொரு குடியிருப்பிலும் 600 சதுர அடி நிலத்தையும் ஒரு கூரையையும் நிலையான ஊதியம் பெறும் இரு பணியாளரையும் ஒதுக்க வேண்டும். குடியிருப்போர் செய்ய வேண்டியது ஈரக்குப்பையை உலர்குப்பையோடு கலக்காமல் தருவது ஒன்றே.